மாடி வீட்டுக்குக் குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

குரோம்பேட்டை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் எங்கள் பெற்றோர் கட்டிய வீட்டின் மாடிப் பகுதி இரண்டு மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. அப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அம்மா கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். நான் திருச்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். தம்பி வெளிநாட்டில் வேலை செய்கிறான். குடிவைப்பது, வாடகை வாங்குவது, காலி செய்யச் சொல்வது எல்லாவற்றையும் இதுவரை அப்பாவே பார்த்துக்கொண்டதால், இந்தப் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்திருக்கிறது.

கடைசியாக இருந்த குடும்பத்தை ஓர் உறவினர்தான் அழைத்து வந்தார். "நம்ம ஆளுங்கதான், தைரியமாக விடலாம்" என்று அவர் சொன்ன ஒரு சொல்லை நம்பி, அவர்கள் முன்பு எங்கே குடியிருந்தார்கள், வருமானம் எப்படி என்பதைப் பற்றியெல்லாம் அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒப்பந்தமும் எழுதவில்லை. அப்பா மறைந்து மூன்று மாதம் ஆனதும் வாடகை நின்றது. அம்மா கேட்டபோதெல்லாம் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதே பதிலாக இருந்தது. மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 70,000 ரூபாய். ஏழு மாத பாக்கி சேர்ந்த பிறகு, கட்டாத மூன்று மின்கட்டண ரசீதுகளை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலி செய்து போனார்கள். பணம் போனதைக்கூட அம்மா பெரிதாக நினைக்கவில்லை. தினமும் மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் கடைசி மாதங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைத்தான் இன்னும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

இப்போது மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதலாவது, இளம் தம்பதியர். இருவருக்கும் சிறுசேரியில் மென்பொருள் வேலை. நாங்கள் சொன்ன வாடகைக்கு மேல் ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால், கணவர் பகுதி நேரமாக ஒரு தொழில் தொடங்கப்போவதாகவும், ஜிஎஸ்டி பதிவுக்காக எங்கள் வீட்டு மின்கட்டண ரசீதின் நகலும் சம்மதக் கடிதமும் வேண்டுமென்றும் கேட்கிறார். இரண்டாவது, பல்லாவரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் பணிபுரியும் மூன்று செவிலியர்கள். மூவருக்கும் முறை மாற்றிப் பகல் வேலையும் இரவு வேலையும் வரும். மூன்றாமவர் தொலைபேசியில் மட்டும் பேசினார். துணை ராணுவப் படையில் இருப்பதாகவும், சென்னைக்கு மாற்றலாகி வருவதாகவும், வீட்டை நேரில் பார்க்கத் தேவையில்லை, முழு அட்வான்ஸையும் இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்கிறார்.

"தெரிந்தவர்களையே பார்த்து வை, பெண் பிள்ளைகள் ராத்திரியில் வந்து போனால் சரிவராது" என்கிறார்கள் உறவினர்கள். தெரிந்தவர்களை வைத்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம். குடிவருகிறவர்களின் மனம் நோகாமல், அதே சமயம் அம்மாவின் பாதுகாப்பையும் கருதி, எதைக் கேட்க வேண்டும், எந்த ஆவணத்தை வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகுந்த உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் எழுதியது:

சகோதரி, மற்ற இருவரைப் பற்றி நாளைக்குக்கூட யோசித்துக்கொள்ளலாம். அந்த மூன்றாமவரைப் பற்றி மட்டும் உடனே எழுத வேண்டியிருக்கிறது. வீட்டைப் பார்க்காமலே முழு அட்வான்ஸ் தருகிறேன் என்பதும், படையில் இருப்பதாகச் சொல்வதும், அடையாள அட்டையின் படத்தைத் தானாகவே அனுப்பிவைப்பதும் வீட்டு உரிமையாளர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடியின் பழகிப்போன வடிவம். அடுத்ததாக, "எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து பணம் வர வேண்டுமானால் முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும்" என்பார். இல்லையென்றால் ஒரு கியூஆர் படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணைப் போடவோ வேண்டியதே இல்லை. ரகசிய எண்ணைக் கேட்கிறது என்றால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்றுதான் பொருள். அவருடைய எண்ணிலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவையுங்கள். ஏற்கெனவே ஏதாவது பணம் போயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

மதுரை மூன்று வீடு எழுதியது:

வணக்கம் அம்மா. மதுரையில் மூன்று வீடுகளை இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு விட்டுவருகிறேன். நல்லவர்களும் வந்தார்கள், உங்களுக்கு நேர்ந்ததைப் போல எனக்கும் ஒரு முறை நேர்ந்தது. அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறையை எழுதுகிறேன்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் முதலில் நான் எதையும் கேட்பதில்லை. எங்கள் வீட்டின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏற்றுவோம், உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா, வண்டி எத்தனை நிறுத்தலாம், வாடகை எந்தத் தேதிக்குள் வர வேண்டும், காலி செய்வதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், வெள்ளையடிப்பதற்கு எவ்வளவு பிடிப்போம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வருகிற எல்லோருக்கும் அதே தாளைக் கொடுக்கிறேன். பொருந்தாதவர்கள் அங்கேயே விலகிக்கொள்கிறார்கள். அதில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

பிறகு நான் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது, இப்போது இருக்கும் வீட்டை ஏன் விடுகிறீர்கள் என்பது. வாடகை கூடிவிட்டது, பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது, வீட்டுக்காரர் மகனுக்குக் கேட்கிறார் என்று எந்தக் காரணமாக இருந்தாலும் நேரான பதிலாக வர வேண்டும். அந்த வீட்டுக்காரரின் எண்ணை வாங்கிக் கட்டாயம் பேசுவேன். ஆனால், தொந்தரவு கொடுக்கும் குடித்தனக்காரரைக் கைகழுவ நினைக்கும் வீட்டுக்காரர் "தங்கமான மனிதர்" என்றுதான் சொல்வார். அப்படிச் சொல்லி என்னிடம் ஒருவரை அனுப்பிவைத்தார்கள். ஆகையால் அதற்கும் முந்தைய வீட்டின் உரிமையாளரிடம் பேசுவதே எனக்கு வழக்கம். அவருக்கு மறைக்க எந்தக் காரணமும் இல்லை. அவரிடம் "நல்லவர்களா" என்று கேட்டால் பயன் இல்லை. வாடகை எந்தத் தேதியில் வந்தது, காலி செய்தபோது அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், மீண்டும் அவர்களுக்கே வீட்டை விடுவீர்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினால் அந்தத் தயக்கமே எனக்குப் போதுமான பதில்.

வருமானத்தைப் பொறுத்தவரை, வாடகை குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மாதச் சம்பளக்காரரானால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு. கடை வைத்திருப்பவரானால் கடைக்கே போய் ஒரு பொருள் வாங்கிவிட்டு வருவேன். ஆதார் நகல் வாங்கும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரையே கேளுங்கள், அதுவே போதும். மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

முன்பணம் வாங்குவதற்கு முன்னால், அவர்கள் இப்போது இருக்கும் வீட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள். ஒப்பந்தத்துக்கு விவரங்கள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகலாம். வீடு சிறியதா பெரியதா, என்ன சாமான் இருக்கிறது என்பது நமக்கு வேண்டாத செய்தி. குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறதா, சுவரில் ஆணி அடித்துக் காரை பெயர்ந்திருக்கிறதா, பக்கத்துக் குடித்தனத்தார் இவர்களோடு முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்பதைப் பார்த்தால் போதும். என் அனுபவத்தில் பத்து ஆவணங்கள் சொல்லாததை அந்தக் கால் மணி நேரம் சொல்லிவிடும்.

ஜிஎஸ்டி கேட்கும் தம்பதியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேட்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மறைக்காமல் முன்பே கேட்டது அவர்களின் நேர்மையைத்தான் காட்டுகிறது. ஆனால் என்ன தொழில், சரக்கு வீட்டில் வந்து இறங்குமா, ஆட்கள் வந்து போவார்களா என்று விவரமாகக் கேளுங்கள். வீட்டுப் பயன்பாட்டு மின் இணைப்பில் வணிகம் நடந்தால் அபராதமும் கட்டண மாற்றமும் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். இன்னொன்று, சிறுசேரியில் வேலை பார்ப்பவர்கள் குரோம்பேட்டையில் ஏன் வீடு பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பக்கத்தில் பெற்றோர் இருக்கிறார்கள் என்பது போன்ற காரணம் இருந்தால் நிலைத்து இருப்பார்கள். இல்லாவிட்டால் ஓராண்டு அலைச்சலுக்குப் பிறகு சிறுசேரி இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமே போய்விடுவார்கள், நீங்கள் மறுபடியும் ஆள் தேட வேண்டியிருக்கும். கூடுதலாகத் தரும் ஆயிரம் ரூபாய் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். உங்கள் வாடகைக் கணக்கில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அது போய்விடும்.

செங்கல்பட்டு வழக்கறிஞர் எழுதியது:

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி மேலே மதுரை அம்மா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது? அப்பாவின் பெயரிலேயே இருந்தால், அம்மா, நீங்கள், உங்கள் தம்பி ஆகியோர் வாரிசுகள் ஆகிறீர்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அம்மாவே உரிமையாளராகக் கையெழுத்திட்டு வாடகை பெறுவதற்கு நீங்கள் இருவரும் எழுத்தில் சம்மதம் தெரிவித்துவிடுவது நல்லது. விவரம் தெரிந்த குடித்தனக்காரர் சொத்துவரி ரசீதையும் மின் இணைப்பின் பெயரையும் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பார். கேட்டால் அவரைத் தவறாக எண்ணாதீர்கள்.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்கு மாற்றாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை, இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை இணையத்திலேயே அளிக்கலாம். பதினொரு மாதத்துக்குப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் வந்த வழக்கம் அந்தப் பதினொரு மாதம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறுபட்டது. பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் அது தேவை.

உங்கள் பழைய குடித்தனக்காரரிடம் ஒப்பந்தம் இருந்திருந்தால், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லி இரண்டு மாத பாக்கி சேர்ந்ததுமே உங்களால் நடவடிக்கை தொடங்கியிருக்க முடியும். இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, எழுத்தில் கேட்ட பிறகும் செலுத்தாமல் இருப்பது காலி செய்யக் கோருவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் சொல்லப்பட்டிருக்கிறது. அட்வான்ஸ் என்பது சேதத்துக்கும் கடைசிக் கணக்குக்கும் ஈடாக இருப்பது, மாத வாடகைக்கு ஈடாகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வெளிப்படையாக எழுதுங்கள். அட்வான்ஸ் தொகையைப் பொறுத்தவரை, வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலம் ஒன்று இருந்தது. உங்களிடம் ஐந்து மாத அட்வான்ஸ் இருந்தும் ஏழு மாத பாக்கியைத் தடுக்க முடியவில்லையே.

ஒருவேளை பின்னால் பிணக்கு வந்தாலும், மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதை மட்டும் செய்துவிடாதீர்கள். 20ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு செயலால் வழக்கு திசைமாறிவிடும்.

காவல் நிலையத்தில் குடித்தனக்காரரின் விவரங்களைக் கொடுப்பதையும் தவற விடாதீர்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்த, வங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வுக்குப் பின்புதான் சென்னையில் இது கட்டாயமாக வலியுறுத்தப்பட்டது. உங்கள் பகுதி இப்போது தாம்பரம் காவல் ஆணையரகத்தில் வருகிறது. படிவத்தைக் குடிவருகிறவர்களின் முன்னிலையிலேயே நிரப்புங்கள். அவர்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய காரியம் இல்லை இது.

குரோம்பேட்டை மாடிவீடு எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் படைவீரர் நேற்று மாலையே ஒரு கியூஆர் படத்தை அனுப்பிவிட்டார். வங்கி ஐயா எழுதியதை அதற்குச் சற்று முன்னால்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். எண்ணைத் தடை செய்துவிட்டோம். வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது. மின் இணைப்பு இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது, மாற்ற விண்ணப்பிக்கிறேன். ஒரு சந்தேகம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் வாடகை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டி வரும் என்று உறவினர்கள் அம்மாவை அச்சுறுத்துகிறார்கள். இது உண்மையா?

செங்கல்பட்டு வழக்கறிஞர் எழுதியது:

பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் வாடகை என்பது கணக்கில் காட்ட வேண்டிய வருமானம்தான். பதிவினால் புதிதாக ஒரு வரி முளைப்பதில்லை. கட்டிய சொத்துவரியைக் கழித்துக்கொண்டு, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்த பிறகே வருமானம் கணக்கிடப்படும். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தால் அதையும் சேர்த்து ஒரு கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்; அஞ்சும் அளவுக்கு எதுவும் இருக்காது.

இரவுப்பணி எழுதியது:

நானும் ஒரு செவிலியர். தென்காசிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாடகைக்கு வீடு தேடுகிறவர்களின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கடைசி முறை வீடு மாறியபோது பதினொரு வீடுகளில் எங்களை மறுத்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் ஊரைக் கேட்டு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு, அப்பாவின் முழுப்பெயரைக் கேட்டு, சமைப்பது சைவமா என்று கேட்டு, பிறகு "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். தெருப் பெயரை எதற்காகக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருவர் மாதம் தவறாமல் வாடகை கொடுப்பாரா, குழாயைச் சரியாக மூடுவாரா என்பதை அந்தக் கேள்வியின் பதிலிலிருந்து யாராலும் அறிய முடியாது. அக்கா, உங்கள் வீட்டிலேயே அது நிரூபணமாகியிருக்கிறது. "நம்ம ஆளுங்க" என்ற சொல்லால் உங்கள் அப்பா கேட்க வேண்டிய எதையும் கேட்காமல் விட்டார். எங்களிடம் அதே சொல் கேட்கத் தேவையில்லாததையெல்லாம் கேட்க வைக்கிறது.

எங்களைப் போன்றவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று நானே சொல்கிறேன். மூவரில் ஒருவர் திருமணமாகியோ வெளிநாட்டு வேலை கிடைத்தோ போய்விட்டால் அவருடைய பங்கு வாடகையை யார் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். செவிலியர் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அதனால் மூவரின் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி, மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழு வாடகைக்குப் பொறுப்பு என்று குறிப்பிடுங்கள். வாடகை மூன்று கைகளிலிருந்து மூன்று தேதிகளில் வராமல், ஒருவர் கணக்கிலிருந்து ஒரே தொகையாக வரட்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அம்மாவை நேரில் பார்த்துப் பேசிய பிறகே குடிவர வேண்டும் என்றும் எழுதலாம். அதில் எங்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பணி அட்டவணையை மாதம் ஒரு முறை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரவில் கேட் திறக்கும் சத்தம் கேட்டால் யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரவு வேலை என்பதற்காகத் தயங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல விரும்புகிறேன். தனியாக இருக்கும் வயதான பெண்ணுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், மாடியில் மூன்று செவிலியர்கள் இருப்பதைவிட வேறு என்ன பாதுகாப்பு வேண்டும்?

குரோம்பேட்டை மாடிவீடு எழுதியது:

இரண்டு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தம்பதியரிடம் விவரமாகக் கேட்டதில், துணி வாங்கி விற்கும் தொழில் என்றும் சரக்கை மாடியில்தான் வைப்போம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்கள் படிக்கட்டுக்கு அது தோதுப்படாது என்று நேரிலேயே சொன்னோம்; அவர்கள் வருத்தப்படவில்லை.

செவிலியர்கள் இப்போது இருக்கும் வீட்டின் உரிமையாளரிடமும், அதற்கு முன் வேலூரில் இருந்த வீட்டின் உரிமையாளரிடமும் மதுரை அம்மா சொன்ன அதே கேள்விகளைக் கேட்டேன். வேலூர் அம்மா, வாடகை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட்டது என்றும், மோட்டாரைப் போட்டுவிட்டு அடிக்கடி மறந்துவிடுவார்கள், தொட்டி நிரம்பி வழியும் என்றும் சொன்னார். மீண்டும் விடுவீர்களா என்று கேட்டேன். "நாளைக்கே வரச் சொல்லுங்கள்" என்றார்.

மூன்று பேரின் பெயரிலும் ஒப்பந்தம் எழுதி, மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகப் பெற்று, பதிவுக்கு விண்ணப்பித்தாயிற்று. காவல் நிலையப் படிவத்தையும் கொடுத்துவிட்டோம். தெரு, குலம் எதையும் நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. தொட்டி நிரம்பினால் தானாக நின்றுவிடும் சுவிட்ச் ஒன்றை மோட்டாருக்குப் பொருத்த அம்மா எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறார்கள். இரவுப் பணி முடித்துவிட்டு வருகிறவருக்காக நேரத்தை ஒன்பது மணிக்குத் தள்ளி வைத்ததும் அம்மாதான்.